யோருனின் கையில் என்ன வைப்பது

நகராட்சிக் குழுவில் ஏழு பேர்.
காபி ஆறிப்போயிருந்தது.
ஓஸ்லோவிலிருந்து வந்த சிற்பி
களிமண்ணில் ஒரு சாண் பெண்ணை
மேசைமேல் நிறுத்தினான்:
குனிந்த தலை, மடிப்புக் கலையாத ஏப்ரன்,
கையில் விளக்கு.

அவள் விளக்கைக் கையில் பிடித்ததே இல்லை என்றேன்.
சூரியன் எழாத மாதங்களில்
அதைப் படகின் மூக்கில் கட்டிவிடுவாள்.
துடுப்புக்கு இரண்டு கையும் வேண்டுமே.
குனிந்த தலையும் பொய்.
ஸ்கார்விக்கில் ஒருவரும்
யோருனின் உச்சந்தலையைப் பார்த்ததில்லை.

அப்படியானால் எதைத்தான் வைப்பது?
சிற்பி பென்சிலைச் சீவினான்.

தகரக் குவளை.
நீண்ட பிடி வைத்தது, தண்ணீர் மொள்ள.
அப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு கதவோரம் ஒரு வாளி,
ஆணியில் ஒரு குவளை.
மீன்பிடிக்கப் போகிறவன்,
பனியில் நனைந்து வந்த தபால்காரன்,
இருமிக்கொண்டே தொட்டிலை ஆட்டுகிறவள்,
எல்லோருக்கும் அதே விளிம்பு.
வேண்டாமென்றால் மனிதரையே வேண்டாமென்றது போல.

யோருன் வருவாள். வணக்கம் சொல்வாள்.
குவளையைக் கழற்றித் தன் பைக்குள் போடுவாள்.
திருடி என்றார்கள்.
மூன்று குளிர்காலத்தில் நூற்றுப் பதினேழு குவளைகள்.
ஒவ்வொன்றுக்கும் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி:
எந்த வீடு, இருமுகிறவர் எத்தனை,
புதைத்தது எத்தனை.

பிறகு தேவாலயம்.
நற்கருணைக் கிண்ணம் உதடு உதடாக நகர்ந்து வந்தது.
அவள் முறை வந்ததும்
கோட்டுப் பையிலிருந்து
அவித்த முட்டை வைக்கும் பீங்கான் கிண்ணத்தை எடுத்து நீட்டினாள்.
பாதிரியார் லுண்டேவாலின் கை அந்தரத்தில் நின்றது.
"கர்த்தரின் இரத்தத்தில் நோய் இராது, சகோதரி."
"இராது ஐயா. விளிம்பில் இருக்கும்."

ஐந்து வருடம் ஒரு வீட்டிலும் அவளுக்குக் காபி இல்லை.
ஆறாம் வருடம் பாதிரியாரின் மகள் இருமினாள்.
ஏழாம் வருடம் பீடத்தில் நாற்பது சின்னக் கிண்ணங்கள்.
அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு
இன்னும் பன்னிரண்டு வேண்டும் என்றாளாம்.

குழுவில் சிரித்தார்கள்.
இந்தக் கதை எல்லோருக்கும் பிடிக்கும்.
மிச்சத்தை நான் சொல்லவில்லை.

ஒரு அக்டோபர் புதன்கிழமை. எனக்கு நான்கு வயது.
என் ஸ்வெட்டரிலிருந்து அம்மாவின் விரல்களை
ஒவ்வொன்றாக விடுவித்தவள் அவள்தான்,
பொத்தான் கழற்றுவது போல.
அம்மா கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை.
படகில் என்னை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
துடுப்புப் போட்டாள்.
மணிக்கட்டு என் வாய்ப்பக்கம் வந்தபோது கடித்தேன்.
உப்பு. பிறகு வேறொரு உப்பு.
துடுப்பு நிற்கவில்லை.

அதன்பின் அம்மாவை நான் பார்த்தது
ஒரு பலகை மூடியாகத்தான்.
தம்பியைத் தரமாட்டேன் என்று அப்பா கதவை அடைத்திருந்தார்.
அவன் மே மாதம் போனான்.
எனக்கு இப்போது எண்பத்தொன்று.

கணக்கு அவள் பக்கம்.
அது எப்போதும் அவள் பக்கம்தான்.
இருந்தும் அவள் சாகும்வரை,
கடைத்தெருவில் அவளைக் கண்டால்
எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன்.
அவள் கூப்பிட்டதில்லை.
நான் முழுதாகக் கடந்து முடிக்கும்வரை
நின்று பார்ப்பாள். என் நடையையா, மூச்சையா,
தெரியாது.

போன வாரம் நகராட்சி நிலவறையில்
அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன்.
நீல மை, சாய்ந்த எழுத்து:
நெஸ்லாந்த் வீடு. குவளை ஒன்று.
இருமுகிறவர் ஒருவர். குழந்தைகள் இருவர்.
ஒன்று மறுக்கப்பட்டது. ஒன்று கொண்டுவரப்பட்டது.
கொண்டுவந்ததற்குக் கடிக்கத் தெம்பு இருக்கிறது.

"குவளை நிமிர்ந்தா, கவிழ்ந்தா?" என்றான் சிற்பி.
கவிழ்ந்து.
மணிக்கட்டில் ஒரு வடுவும் வை,
அரை நிலா அளவு, பால்பல் தடம்.
"எந்தக் கை?"
இடது.
எழுதிக்கொண்டான். ஏன் என்று கேட்கவில்லை.
அதற்குள் பொருளாளர் கேட்டுவிட்டார்:
வெண்கலம் கிலோ என்ன விலை?